பஞ்சு மரத்தடி

குடும்பங்கள் வந்து போனால் மணல் மிஞ்சும். கடலில் குளித்துவிட்டு அப்படியே அறைக்குள் ஓடிவரும் பிள்ளைகளின் காலில் ஒட்டிக்கொண்டு வந்த மணல், கட்டிலுக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் போர்வை மடிப்பிலும் கிடக்கும். துடைப்பத்துக்கு வராத அந்த மணலை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பது நவமணியின் வேலை. பிஸ்கட் தூளுக்கு வந்த எறும்பை விரட்ட வேண்டும். ஒற்றைச் செருப்புகளையும் காற்றுப்போன மிதவைகளையும் பொறுக்கி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். விரிப்புகளைத் துவைத்துப் பின்பக்கக் கொடியில் காயப்போட வேண்டும்.

மெர்போக் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், சதுப்புக்காட்டை ஒட்டி இருந்தது அந்த இடம். குடும்ப விடுமுறைக் கிராமம் என்று வாசலில் மலாய் மொழியில் பெரிய பலகை. உள்ளே மர வீடுகள், நடுவில் ஒரு சமையல் கொட்டகை, ஊஞ்சல், படகுத்துறை. வேலை செய்பவர்களுக்கு அது வெறும் சாலே. ‘சாலேக்குப் போறேன்’, ‘சாலேல இன்னிக்கு ஆளு ஜாஸ்தி’ என்பார்கள். நவமணி மட்டும் சில நேரம் மறந்துபோய் ‘தோட்டத்துக்குப் போறேன்’ என்று சொல்லிவிடுவாள்.

ஏனென்றால் அது தோட்டமாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. தமிழாட்கள் வாயில் அது நுழையாமல் உப்பாத்துத் தோட்டம் என்று ஆகிவிட்டது. நவமணி அங்கேதான் பிறந்தாள். இப்போது கார்கள் நிற்கிற இடத்தில் தோட்டத்தாட்களின் வரிசைவீடான லயம் இருந்தது, அதில்தான் அவளுடைய அப்பா வீடு. பத்தொன்பது வயதில் அவளைப் பக்கிரிசாமிக்குக் கட்டிவைத்தார்கள். அவர் சிடாம் கிரி பக்கத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவர். கோபக்காரர், ஆனால் கை நீட்ட மாட்டார் என்று பெயர். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் பிள்ளை பிறந்தான். யோகேந்திரன் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு நீளமான பெயரை யாரும் கூப்பிடவில்லை. யோகு என்றார்கள்.

ஏழு மாதத்தில் யோகுவுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் தண்ணி மருந்து கொடுத்து அனுப்பினார். மறுநாள் மத்தியானம், டவுனுக்குப் போக லாரி வரும் என்று வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரி வருவதற்குள் பிள்ளையின் உடம்பு ஆறிவிட்டது. காய்ச்சல் விட்டது என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தோட்டத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. லயத்து முனைவரைதான். கைக்குழந்தைகளை எரிப்பதும் இல்லை, புதைப்பார்கள். பெரியவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு, கல்லும் பெயரும் உண்டு. பல் முளைக்காத பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. புதைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளை பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும், அடுத்து வருகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். பக்கிரிசாமியும் அவருடைய அண்ணன் அழகேசனும் வெள்ளைத் துணியில் பொதிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது இருவர் முழங்காலிலும் சேறு.

நவமணி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஒரு வாரம் போல ஆனபின், ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள்.

“எங்கங்க வச்சீங்க?”

அவர் நிமிராமல் சொன்னார். “பஞ்சு மரத்தடியில.”

அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. சுடுகாட்டின் கடைக்கோடியில் நின்ற பஞ்சு மரம் தோட்டத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் எழுந்து குளித்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள். ஆட்களெல்லாம் புக்கிட் செலம்பாவ், திகாம் பத்து என்று சிதறிப்போனார்கள். நவமணி குடும்பத்துக்குப் புக்கிட் செலம்பாவில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. கோயிலையும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். சுடுகாட்டை மாற்ற முடியாது. அது அங்கேயே இருந்தது. பெண்களைக் கட்டிக்கொடுத்தாள், ஒருத்தியைப் பட்டர்வொர்த்தில், ஒருத்தியை ஜொகூரில். சர்க்கரை வியாதியில் பக்கிரிசாமியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நிலம் இன்னொரு தடவை கைமாறி, செம்பனையும் போய், சாலே வந்தது.

சாலேயில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நவமணி முதல் ஆளாகப் போய் நின்றாள். சின்ன மகள் கலைமகள் போனில் சத்தம் போட்டாள். “கையுறை பேக்டரில இதைவிட நல்லா கொடுக்கிறான். பஸ்ஸும் வீட்டு வாசலுக்கே வருது. இந்த வயசுல கப்சாய் மோட்டார்ல ஏறி அவ்வளவு தூரம் போயிக் கக்கூஸ் கழுவணுமா உனக்கு?” நவமணி வேலையை விடவில்லை. சலவைக் கொட்டகைக்குப் பின்னால் கொடி கட்டியிருந்தார்கள். அதற்கப்பால் வேலி. வேலிக்கு அப்பால் புதர் மண்டிய நிலமும், அதன் கோடியில் பஞ்சு மரமும். விரிப்பை உதறிப் போடும்போது ஒரு தடவை அதைப் பார்ப்பாள். அழுவதெல்லாம் இல்லை. மரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. வேலையில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்த வேலியைத் தாண்டியதில்லை.

ஒரு நாள் சாந்தினி சொன்னது முதலில் அவளுக்குப் புரியவில்லை. சாந்தினி முன்னறையில் அறைச்சாவி கொடுக்கிற பெண். வேலையாட்களை மேய்ப்பதும் அவள்தான்.

“ஆன்ட்டி, கொஞ்ச நாள்ல துணியெல்லாம் சைடுல காயப்போடணும் லா. பின்னாடி வேலியை எடுக்கப் போறாங்க.”

“ஏன்மா?”

“பிள்ளைங்களுக்குப் புது ஸ்விம்மிங் பூல் வருது. சறுக்குமரம், காளான் மாதிரி தண்ணி கொட்டுற குடை, எல்லாம். பாஸ் பிளான் காட்டுனாரு. செமையா இருக்கு லா.”

“பின்னாடின்னா எதுவரைக்கும்?”

“அந்தப் பெரிய மரம் வரைக்கும். மரத்தையும் எடுத்துடுவாங்க. பஞ்சு பறந்து தண்ணியில விழுந்தா பில்டர் அடைச்சிக்குமாம்.”

“அது சுடுகாடு, சாந்தினி.”

சாந்தினி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டு வீடு தள்ளி ஒரு மலாய்க் குடும்பம் காரிலிருந்து குளிர்ப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. “மெதுவா ஆன்ட்டி,” என்றாள். “கெஸ்ட்டுக்குக் கேட்டுச்சின்னா யாரு வருவா?”

சில வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் செயலாளர் ரவிச்சந்திரன் எழுந்து நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எதையும் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்வார்.

“எல்லாருக்கும் விஷயம் தெரியும். அனுமதியெல்லாம் வாங்கிட்டாங்க, நாம கத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கல்லு வச்ச சமாதியெல்லாம் எடுத்தாச்சு. சின்னப் பிள்ளைங்க சமாதிதான் பாக்கி. இடம் தெரிஞ்சவங்க நாளைக்குக் காலையில வந்துடுங்க. சட்டி நான் வாங்கி வச்சிருக்கேன். பண்டாரம் வருவாரு. ஞாயித்துக்கிழமை தஞ்சோங் டாவாய் போயிக் கடல்ல கரைச்சிடலாம். திங்கக்கிழமை மிஷின் எறங்குது. இடம் தெரியாதது மண்ணோட போயிடும், அதுக்கு யாரும் என்னை வந்து கேக்காதீங்க.”

“பொம்பளைங்க வரலாமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆம்பளைங்க பாதிப்பேரு போய்ச் சேர்ந்துட்டாங்களே அக்கா. வேற யாரு காட்டுவா? வாங்க.”

வீட்டுக்கு வந்து நவமணி விஷயத்தைச் சொன்னபோது பக்கிரிசாமி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நீங்களும் வாங்க. வேன்ல ஏத்திக்குவாங்க.”

“எங்க?”

“புள்ளைய எடுக்க.”

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். “இத்தினி வருஷம் கழிச்சி எதுக்கு அதைக் கிண்டிக்கிட்டு? அதுபாட்டுக்கு இருக்கட்டும்.”

“இருக்க விடமாட்டேங்குறாங்களே. அது மேல பிள்ளைங்க குளிக்கத் தொட்டி கட்டப் போறாங்க.”

“அதான் சொல்லியிருக்கேன்ல, பஞ்சு மரத்தடி. போய் எடுத்துக்க. ஒத்தக் காலை வச்சிக்கிட்டு அந்தச் சேத்துல வந்து நான் டான்ஸ் ஆடணுமா?”

அவள் வற்புறுத்தவில்லை. இடம்தான் தெரியுமே. கப்சாயை எடுத்துக்கொண்டு திகாம் பத்து போனாள். சட்டிக்குள் வைக்கப் பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டும். என்ன வாங்குவது என்று தெரியாமல் துணிக்கடையில் நெடுநேரம் நின்றாள். கடைப்பெண் சிரித்துக்கொண்டே வந்து, “பாப்பாவுக்கு எத்தினி மாசம் ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“ஏழு மாசம்,” என்றாள் நவமணி.

மெத்தென்று ஒரு வெள்ளைத் துண்டு. ஓரத்தில் மஞ்சள் தையல். அதைத்தான் வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் வேலியைத் தாண்டினாள். ரவிச்சந்திரனின் ஆட்கள் புதரை வெட்டி வழி செய்திருந்தார்கள். ஈர மண், ஒவ்வொரு அடிக்கும் செருப்பு உள்ளே போய் வந்தது. பஞ்சு மரத்தடியில் ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து லயத்துத் தங்கமணி. இப்போது திகாம் பத்துவில் மகனோடு இருக்கிறாள். தோட்டத்துக் குழாயடியில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது.

“அடி நவமணி! நீ எங்கடி இங்க?”

“எங்க யோகுவை எடுக்க வந்தேன்.”

“எடு. எங்க இருக்கான்?”

“இங்கதான். இந்த மரத்தடியில.”

தங்கமணி மேலும் கீழும் பார்த்தாள். “இங்க எங்க பாப்பா இருக்கா. எங்க வீட்டுக்காரரு சாகறதுக்கு மொத மாசங்கூடச் சொன்னாரு.”

அதற்குள் மருதம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சிடாம் கிரியிலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. “என் புள்ளைங்க ரெண்டும்,” என்று மரத்தைக் காட்டினாள். “இங்கனதான். ரெண்டையும் ஒண்ணாத்தான் வச்சேன்னாரு.”

“பஞ்சு மரத்தடியில என்ன, பிளாட்டு கட்டியா வச்சிருக்காங்க? மாடிக்கு ஒண்ணா?” என்றாள் தங்கமணி.

மருதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துத் தங்கமணியும் சிரித்தாள், நவமணியும் சிரித்தாள். மருதம்மாளுக்கு இருமல் எடுக்கிறவரை சிரித்தார்கள். அப்போது இன்னும் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு மண்சட்டியோடு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தார்கள்.

“என்னாக்கா சிரிப்பு?” என்றாள் ஒருத்தி. “பஞ்சு மரம் இதானே? எங்க மாமா இந்த மரத்தடின்னுதான் சொன்னாரு.”

சிரிப்பு நின்றது.

ரவிச்சந்திரன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “எல்லாரும் ஒரே எடத்தைச் சொன்னா நான் என்னா செய்யிறது?”

“வெயில் ஏறுது. தோண்டுங்கப்பா,” என்றார் பண்டாரம்.

வங்காளதேசத்து வேலையாட்கள் இருவர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முழங்கால் ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் ஊறியது. வேரை வெட்டினார்கள், தண்ணீரை இறைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். கடல் பக்கமாக இருந்த வேர்களின் இடுக்கில், ஒருவன் குனிந்து எதையோ எடுத்துக் காட்டினான். கறுத்துப்போன சின்ன வளையம். சேற்றை வழித்ததும் அதில் ஒரு முத்து குலுங்கியது.

தங்கமணி குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். “தண்டை. எங்க பாப்பா தண்டை. கழட்ட வேணாம், அவளோட போகட்டும்னு எங்க மாமியார் சொன்னுச்சு.” அவள் வாய் அதன் பிறகு வேறெதுவும் பேசவில்லை. சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்து அந்த வளையத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பிள்ளை பெறுகிறவள்போல ஒரு சத்தம் போட்டாள்.

மரத்தின் மற்றப் பக்கங்களையும் தோண்டினார்கள். வேரும் தண்ணீரும்தான் வந்தன. பக்கத்தில் இன்னொரு பிள்ளையை வைத்த சுவடு எங்குமில்லை. யோகுவின் இடுப்பில் இருந்தது ஒரு கறுப்புக் கயிறு மட்டும். அது மண்ணில் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

“ஒரே ஒரு ஆம்பளை நெசம் சொல்லியிருக்கான்,” என்றாள் மருதம்மாள், குடையின் மேல் சாய்ந்தபடி.

பண்டாரம் மந்திரம் சொல்லத் தொடங்கியபோது தங்கமணியிடம் தண்டையைச் சுற்ற ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பைதான் கொண்டுவந்திருந்தாள். நவமணி தன் பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

“இந்தா. அளவு சரியாத்தான் இருக்கும்.”

தங்கமணி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

ரவிச்சந்திரன் மற்றவர்களிடம் தணிந்த குரலில் பேசினார். “அக்கா, இது உப்பு மண்ணு. சின்ன எலும்பு, எப்பவோ கரைஞ்சிருக்கும். எல்லாம் இந்த மண்ணுலதான் கலந்து கெடக்கு. ஆளுக்கு ஒரு பிடி எடுத்துச் சட்டியில போட்டுக்குங்க. மனசுதான் முக்கியம்.” மருதம்மாள் இரண்டு பிடி எடுத்தாள். மற்ற இருவரும் எடுத்தார்கள். நவமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எடுங்கக்கா.”

“இது தங்கமணி பொண்ணு மண்ணு,” என்றாள். “என் பையன் வேற எங்கியோ இருக்கான்.”

“எங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே தோண்டச் சொல்றேன். திங்கக்கிழமைக்கப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

தெரிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம். கூடப் போன அண்ணன் அழகேசன் இறந்து பல வருஷமாகிறது.

வீட்டுக்கு வெளியிலேயே குளித்துவிட்டு நவமணி உள்ளே போனாள். பக்கிரிசாமி அவள் கையைப் பார்த்தார். கையில் சட்டி இல்லை.

“தங்கமணி பொண்ணு கெடச்சிடுச்சு,” என்றாள்.

“ம்.”

“பஞ்சு மரத்தடியில.”

அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விளம்பரம் ஓடியது.

“நம்ம பையன் எங்க?”

“அந்தப் பக்கந்தான் எங்கியாச்சும் இருக்கும்.”

“எந்தப் பக்கம்?”

“மழைடி அன்னிக்கு. இருட்டிக்கிட்டு வருது. கங்காணி வேற சீக்கிரம் சீக்கிரம்னு கத்துறான். மேடா இருந்த எடமாப் பாத்துத் தோண்டுனோம்.”

“மரத்துக்கு எந்தப் பக்கம்னு கேக்குறேன்.”

“நான் திரும்பியா பாத்தேன்?” அவருடைய குரல் உடைந்து கத்தலாக வந்தது. “பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல. நீ ரெண்டாவது உண்டாகணும்னுதான் பாக்கல. வந்தா நீ சோறு திங்காமக் கெடக்குற, எங்கன்னு கேக்குற. என்னா சொல்லணும்ங்கிற?”

நவமணி அடுப்படிக்குப் போனாள். அவருக்குச் சர்க்கரை போடாத தேநீர் கலந்து கொண்டுவந்து கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தோட்டத்து ஆண்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. கண்ணுக்குத் தெரிகிற ஒரே அடையாளம் அந்த மரம்தான். வீட்டில் அழுகிறவளிடம் கேட்டவுடன் சொல்ல அதைவிட லேசான பதில் வேறில்லை. ஒவ்வொருவனும் தனித்தனியாக அதையே சொல்லியிருக்கிறான். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நம்பியிருக்கிறாள். நம்பியதை மற்றவளிடம் சொன்னதில்லை. செத்த கைப்பிள்ளையைப் பற்றிக் குழாயடியில் பேசுவது வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சட்டிகளோடு தஞ்சோங் டாவாய் போனார்கள். நவமணி வேலைக்குப் போனாள். ஏதோ பேக்டரியின் குடும்ப தினம். சாலே முழுக்கப் பிள்ளைகள். பிள்ளைகள் சாக்குப் பந்தயம் ஓடினார்கள், பெரியவர்கள் கோழி வாட்டினார்கள். அவள் மணலைத் துடைத்தாள். கொடிக்குப் போகும்போது மட்டும் தலை நிமிரவில்லை. மரம் அவளுடையது இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விரிப்பைப் பார்த்தபடியே காயப்போட்டாள். இத்தனை வருஷமாக அவள் வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் பிள்ளையை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் ரவிச்சந்திரனுக்குப் போன் செய்து, மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வேனைக் கொண்டுவரச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பக்கிரிசாமிக்குச் சட்டை போட்டுவிட்டாள்.

“எங்க?” என்றார்.

“ஆஸ்பத்திரிக்கு. கால் புண்ணுக்குக் கட்டுப் போட.”

வேன் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடல் பக்கமாகத் திரும்பியது. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். “இது ஆஸ்பத்திரி ரோடு இல்லியே.”

“இல்ல,” என்றாள்.

ரவிச்சந்திரன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட்டினார்.

அவர்கள் போனபோது வேலி இல்லை. மண்வாரி எந்திரம் ஒரு ஓரத்திலிருந்து வேலையைத் தொடங்கியிருந்தது. பஞ்சு மரம் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. சிவப்பு மண்ணும் கறுப்புச் சேறும் கலந்து குவிந்திருக்க, ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. நவமணி நேராக நடந்து போய் எந்திரத்தின் முன்னால் நின்றாள். ஓட்டுகிற பையன் விசையை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினான். சசிதரன் என்று சட்டையில் தைத்திருந்தது.

“ஆன்ட்டி, முன்னாடி நிக்காதீங்க! மிஷின் கை பட்டா ஆளே இருக்கமாட்டீங்க!”

“கொஞ்ச நேரம் நிறுத்துங்க தம்பி. இவரு ஒரு எடம் பாக்கணும்.”

சாந்தினி சலவைக் கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். “ஆன்ட்டி, இங்க என்னா செய்றீங்க? ரூம் ஒண்ணுகூட ரெடியாகல. ரெண்டு மணிக்கு பஸ்ல வராங்க. பாஸ் பாத்தா எனக்குத்தான் திட்டு கெனா லா.”

“செய்றேன், சாந்தினி. இதை முடிச்சிட்டு.”

சக்கர நாற்காலி சேற்றில் உருளவில்லை. ரவிச்சந்திரனும் சசிதரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உட்கார்ந்த மனுஷனோடு தூக்கிக்கொண்டுவந்து காய்ந்த இடத்தில் வைத்தார்கள். முகம் சாலையைப் பார்த்து இருந்தது. பக்கிரிசாமி தன் ஒற்றைக் காலையே குனிந்து பார்த்தபடி இருந்தார். நவமணி பின்பக்கக் கைப்பிடிகளைப் பிடித்து நாற்காலியை முழுசாகத் திருப்பினாள்.

“இப்பப் பாருங்க.”

“வேணாம் நவமணி.”

“அடுத்த புள்ளைக்கு ஆகாதுன்னுதானே அன்னிக்குப் பாக்கல? அதுங்க ரெண்டும் கல்யாணம் கட்டிப் புள்ளை பெத்துட்டுங்க. இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பாருங்க.”

அவர் தலையைத் தூக்கினார். வெட்டிய புதர், விழுந்த மரம், அதன் வேர்க்குழியில் தேங்கிய தண்ணீர், அதற்கப்பால் சதுப்புக்காடு, அதற்கும் அப்பால் வெளிறிய கடல். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்து மெல்ல மெல்ல வலப்பக்கம் போய், பின் இடப்பக்கம் வந்தது. வலது கை மடியிலிருந்து எழுந்தது. விரல் ஒரு மேட்டைத் தேடிப் போவதை நவமணி பார்த்தாள். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதும், ஆனாலும் ஓர் இடத்தைக் காட்டிவிடப் போகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. காட்டினால் தோண்டச் சொல்வார்கள். தோண்டினால் தண்ணீர் வரும். ஒரு பிடி மண்ணை எடுத்துச் சட்டியில் போடச் சொல்வார்கள்.

அவள் குனிந்து, காதருகில் சொன்னாள். “தெரியாட்டி தெரியலன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். சோறு திம்பேன்.”

கை அந்தரத்தில் நின்றது. பிறகு மடியில் விழுந்தது.

“தெரியல,” என்றார். “சத்தியமாத் தெரியல, புள்ள.”

சொல்லிவிட்டு அவர் அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார், மூச்சு போதாதவர்போல. நவமணி அவர் தோள்மேல் கையை வைத்தபடி நின்றாள். காத்திருந்த லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். சசிதரன் திரும்பி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு அவளிடம் வந்தான்.

“ஆன்ட்டி, நான் மெதுவாத் தோண்டுறேன். ஏதாச்சும் கண்ணுல பட்டா நிறுத்தி உங்களைக் கூப்புடுறேன்.”

“படாது தம்பி. ஏழு மாசப் புள்ள.” லாரியைப் பார்த்தாள். “இந்த மண்ணெல்லாம் எங்க போகுது?”

“சிடாம் கிரி பக்கம் புதுசா வீட்டுத் தாமான் கட்டுறாங்க. பள்ளத்தை மூட அங்க போகுது.”

அவள் தலையசைத்தாள். சாந்தினி கையைப் பிசைந்துகொண்டு இன்னும் அங்கேயே நின்றாள். பிறகு வாளியையும் துணியையும் தானே எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குள் போனாள்.

“ஓட்டுங்க,” என்றாள் நவமணி.

சசிதரன் ரவிச்சந்திரனைப் பார்த்தான். ரவிச்சந்திரன் தரையைப் பார்த்தார். பையன் ஏறி உட்கார்ந்து விசையைப் போட்டான். இரும்புக் கை நீண்டு, அடுத்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கியது.

“போயிடலாமா?” என்று பக்கிரிசாமி கேட்டார்.

“இருங்க. பாத்துட்டுப் போவோம்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முதல் லாரி நிரம்பிக் கிளம்பியது. இன்னொன்று பின்னோக்கி வந்து நின்றது.